லிட்டருக்கு எத்தனை மைல்? படகின் எரிபொருள் கணக்கு, தொடக்கத்திலிருந்து

பைக் வாங்கியவனிடம் ஊரே கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு தருது?" படகு வாங்கியவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "ஒரு நடைக்கு எத்தனை கேன் குடிக்குது?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு வரும் பதிலும் ஒரே மாதிரி இருக்காது. நேற்று அரை கேன், இன்றைக்கு முக்கால் கேன், போன மாதம் இதே இடத்துக்குப் போய்வர ஒரு கேனே போனது என்பார்கள். எஞ்சின் அதேதான், படகும் அதேதான். பின்னே டீசல் எங்கே போகிறது?

இதை ஒழுங்காக அளந்து பார்த்துவிடுவது என்று நானும் என் மாமாவும் ஒருமுறை உட்கார்ந்தோம். மாமாவுடையது நாகப்பட்டினத்துப் பக்கம் எங்கும் பார்க்கக்கூடிய 28 அடி ஃபைபர் படகு. அதில் 10 எச்.பி. ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்னால் நீளமான தண்டில் ப்ரொப்பெல்லர். லாங் டெயில் என்று சொல்வோமே, அது. நான் டீசல் எஞ்சின் வேலை தெரிந்தவன், கடல் தெரியாதவன். மாமாவுக்குக் கடல் தெரியும், கணக்கு நோட்டு என்றாலே எரிச்சல். இந்தக் கட்டுரை எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்த வழக்கின் தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் படிக்க வசதியாகக் கொஞ்சம் தோராயமாக்கிச் சொல்கிறேன். உங்கள் படகில் வேறு எண் வரும். முறை மாறாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "இந்த எஞ்சின் மணிக்கு ரெண்டு லிட்டர்தான் எடுக்கும்" என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல, ஆனால் பாதிக் கணக்கு. அந்த ஒரு மணி நேரத்தில் படகு எவ்வளவு தூரம் போனது என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நங்கூரம் போட்டுக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டாலும் மணிக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு எண் வரத்தான் செய்யும். நமக்கு வேண்டியது ஒரு கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்பது. மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை, மணிக்கு எத்தனை மைல் என்பதால் வகுத்தால் அது கிடைத்துவிடும். கணக்கு அவ்வளவுதான். அந்த இரண்டு எண்களையும் கடலில் வைத்து நம்பகமாகப் பிடிப்பதில்தான் சிக்கல் எல்லாம்.

பைக்கில் இந்தச் சிக்கல் கிடையாது. சக்கரம் ரோட்டைப் பிடித்துக்கொள்கிறது. ரோடும் இடத்தைவிட்டு நகராது. தண்ணீரில் ப்ரொப்பெல்லர் சுற்றுவதற்கும் படகு நகர்வதற்கும் நடுவில் வழுக்கல் இருக்கிறது. போதாததற்குத் தண்ணீரே ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். விநோதமான எண்ணாகத் தோன்றினாலும் பிறந்த இடம் சுலபமானது. வரைபடத்தில் குறுக்கே ஓடும் அட்சக் கோடுகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒரு டிகிரியை 60 மினிட்டாகப் பிரித்தால், ஒரு மினிட் தூரம்தான் ஒரு கடல் மைல். 1929இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் அதைச் சரியாக 1,852 மீட்டர் என்று நிறுத்திவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட்.

இதில் நம் கரைக்கு ஒரு வசதி உண்டு. நாகப்பட்டினக் கரை கிட்டத்தட்ட நேர் வடக்கு தெற்காக ஓடுகிறது. நாகூர் ஏறக்குறைய 10 டிகிரி 49 மினிட்டில் இருக்கிறது, வேளாங்கண்ணி 10 டிகிரி 41 மினிட்டில். கழித்துப் பாருங்கள், 8 மினிட். அதாவது நாகூர் மினாராவுக்கு நேரே இருந்து வேளாங்கண்ணிக் கோயிலுக்கு நேரே வரைக்கும் கடலில் ஏறத்தாழ 8 கடல் மைல். ஜி.பி.எஸ். பெட்டியில் அட்சத்தின் மினிட் எண் ஒன்று மாறினால் ஒரு மைல் முடிந்தது. தூரம் அளக்க வேறு கருவியே வேண்டாம். கரைக்கு இணையாகத் தெற்கே ஓட்டிக்கொண்டு அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கைப்பேசியிலும் பார்க்கலாம். ஆனால் அது பெரும்பாலும் வேகத்தைக் கிலோமீட்டரில் காட்டும், 1.852ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இனி எண்ணெய். சாதாரணமாகச் செய்வது, டேங்க்கைத் தளும்ப நிரப்பிக்கொண்டு போய், திரும்பி வந்து மறுபடி தளும்ப ஊற்றி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பது. மோசமான முறை அல்ல. ஆனால் படகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலே தளும்பும் மட்டம் மாறிவிடும். அரை லிட்டர் தப்பு வருவது சாதாரணம். 3 லிட்டர் செலவாகும் சின்ன ஓட்டத்தில் அரை லிட்டர் பிசகு என்றால் நூற்றுக்குப் பதினேழு தப்பு. 20 லிட்டர் செலவாகும் நீண்ட நடையில் அதே அரை லிட்டர் இரண்டரைதான். அதனால் இந்த முறையை வைத்துக்கொள்பவர்கள் நீண்ட நடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பும்போது படகு ஒரே இடத்தில், ஒரே நிலையில் இருக்கட்டும்.

படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு பெட்ரோல் எஞ்சின் என்றால் இன்னும் எளிது. டேங்க்கைக் கழற்றித் தராசில் வைத்துவிடலாம். மீன் ஏலம் போடும் இடத்தில் டிஜிட்டல் தராசு இல்லாமலா இருக்கும்? போகும்போது ஒரு எடை, வந்தபின் ஒரு எடை. வித்தியாசத்தை 0.74ஆல் வகுத்தால் லிட்டர், ஏனென்றால் ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம். டீசலுக்கு 0.84 என்று வைத்துக்கொள்ளலாம். மூடியை இறுக்கிவிட்டு எடை போடுங்கள். பக்கத்தில் பீடி வேண்டாம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த இரண்டு முறையும் முழு நடைக்கும் சேர்த்து ஒரே எண்ணைத்தான் தரும். எந்த வேகத்தில் எவ்வளவு குடிக்கிறது என்று பிரித்துச் சொல்லாது. நாங்கள் தெரிந்துகொள்ள விரும்பியது அதைத்தான். அதற்குப் பாட்டில் முறை.

கால் லிட்டருக்குக் கோடு போட்ட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடுவை ஒன்று. அதை டேங்க்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு திருப்பு வால்வோடு சேர்த்துவிட வேண்டும். வால்வை ஒரு பக்கம் திருப்பினால் எஞ்சின் டேங்க்கிலிருந்து குடிக்கும், மறுபக்கம் திருப்பினால் குடுவையிலிருந்து. வேகம் ஒரே சீராக வந்ததும் குடுவைப் பக்கம் திருப்பிவிட்டு, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை இறங்க எத்தனை நிமிடம் என்று கைப்பேசியில் பார்த்தால் வேலை முடிந்தது. 250 மில்லிக்கு எத்தனை நிமிடமோ, அந்த எண்ணால் 15ஐ வகுங்கள். மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். பத்து நிமிடத்தில் இறங்கினால் ஒன்றரை லிட்டர். ஐந்து நிமிடத்தில் இறங்கினால் மூன்று.

டீசலில் ஒரு பொறி இருக்கிறது, பலரும் விழும் பொறி. எஞ்சினுக்குப் போன டீசல் எல்லாம் எரிவதில்லை. மிஞ்சியது ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்க்குக்கே திரும்புகிறது. அந்தக் குழாயையும் குடுவைக்குள் விடாமல் அளந்தால், எரியாமல் திரும்பிய டீசலையும் எரிந்ததாகக் கணக்கு எழுதிவிடுவோம். முதல் நாள் எங்களுக்கு வந்த எண்ணைப் பார்த்து மாமா, "என்னடா மாப்ள, விசைப்படகு எஞ்சினையா மாட்டி வச்சிருக்கோம்?" என்றார். பிறகுதான் ரிட்டர்ன் குழாய் ஞாபகம் வந்தது.

இரண்டாவது தப்பு என்னுடையது. நாட் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், குடுவை முழுக்கக் காலியாகிவிட்டது. குழாயில் காற்று ஏறி எஞ்சின் இருமிக்கொண்டே நின்றது. டீசல் எஞ்சினில் காற்று புகுந்துவிட்டால் சும்மா சுற்றினால் கிளம்பாது. பம்ப்பில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வழியும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். கரையில் அது இரண்டு நிமிட வேலை. அலையில் உருண்டுகொண்டிருக்கும் படகில், கை முழுக்க டீசலோடு, வயிற்றைப் பிரட்டிக்கொண்டு செய்தபோது கால் மணி நேரம் ஆனது. கீழ்க் கோட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே வால்வைத் திருப்பத் தயாராக ஒருவர் இருக்க வேண்டும் என்பது அன்று படித்தது.

எண்ணெய் சரியாகிவிட்டது. இனி வேகம். ஜி.பி.எஸ். காட்டுவது தரைக்கு மேலே போகும் வேகம், தண்ணீருக்குள் போகும் வேகம் அல்ல. நீரோட்டம் கூடவே வந்தால் எண் பெருகிக் காட்டும், எதிர்த்தால் சுருக்கிக் காட்டும். நம் கரையில் இது பருவத்துக்குப் பருவம் திசை மாறும் விஷயம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். கோடையில் தெற்கிலிருந்து வடக்கே. முன்னதை வன்னி என்றும் பின்னதைத் தெண்டி என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள். இந்த இரண்டு சொல்லும் தெரிந்தவருக்கு, அக்டோபரில் அளந்த மைலேஜும் ஏப்ரலில் அளந்த மைலேஜும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்கத் தேவையில்லை.

இதற்கு மருந்து, போகவும் வரவும் இரண்டு பக்கமும் அளப்பது. எஞ்சினை அதே நிலையில் வைத்து ஒரு மைல் தெற்கே, உடனே திரும்பி ஒரு மைல் வடக்கே. எங்களுக்குத் தெற்கே 6.9 நாட் வந்தது, வடக்கே 5.1. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 6. படகின் உண்மையான வேகம் அது. மீதி 0.9 நீரோட்டத்தின் வேகம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்காதீர்கள், இரண்டு வேகங்களின் சராசரியை எடுங்கள். எதிர்நீரில் படகு அதிக நேரம் செலவிடுவதால் முதல் வழியில் வேகம் கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

"போகும்போது நீவாடு பிடிச்சுக்கிட்டாலும் வரும்போது தள்ளிவிட்டுடுமே, சரியாப் போச்சு" என்று மாமா சொன்னார். நீரோட்டத்தைத்தான் நீவாடு என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியாகப் போவதில்லை. 6 நாட் படகு, ஒன்றரை நாட் நீரோட்டம், 9 மைல் தூரம் என்று போடுங்கள். எதிர்த்துப் போக 2 மணி நேரம். கூடவே திரும்ப 1 மணி 12 நிமிடம். சேர்த்து 3 மணி 12 நிமிடம். நீரோட்டமே இல்லாவிட்டால் 3 மணிதான். நீரோட்டம் கடன் வாங்கினால் வட்டி போகத்தான் திருப்பித் தரும். நெடுநாள் கடலில் இருப்பவர்கள் கரையோரம் ஒதுங்கி, நீர் மந்தமான இடம் பார்த்து எதிர்நீர் ஏறுவது இதனால்தான். மாமாவும் அப்படித்தான் ஓட்டுவார். ஏன் என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது.

இந்த ஏற்பாடு எல்லாம் செய்துவிட்டு, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை நான்கு இடத்தில் நிறுத்தி அளந்தோம். முழுக்கத் திறந்தால் 7 நாட். குடுவை ஆறேகால் நிமிடத்தில் இறங்கியது, அதாவது மணிக்கு 2.4 லிட்டர். கொஞ்சம் குறைத்து 6 நாட் வைத்தபோது 10 நிமிடம் 40 விநாடி, மணிக்கு 1.4 லிட்டர். 5 நாட்டில் பதினாறே முக்கால் நிமிடம் ஆனது, மணிக்கு 0.9 லிட்டர். 3 நாட்டில் ஊர்ந்தபோது அரை மணி நேரம், மணிக்கு அரை லிட்டர்.

இப்போது மைலுக்கு எத்தனை லிட்டர் என்று வகுத்துப் பாருங்கள். 7 நாட்டில் 0.34. ஆறில் 0.23. ஐந்தில் 0.18. மூன்றில் 0.17. மேலே ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கும்போது மைலுக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கீழே ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கினால் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, நேரம்தான் வீண். எரிபொருள் சிக்கனம் என்றால் மெதுவாகப் போவது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது அரைகுறை. கடைசி ஒரு நாட் வேகத்தை விட்டுக்கொடுப்பதுதான் சிக்கனம். அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போவதில் பெரிய பயன் இல்லை.

ஏன் இப்படி? ஓடும் படகு தண்ணீரைத் தள்ளி அலை எழுப்புகிறது. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், ஒரு முகடு, அதற்குப் பின்னால் ஒரு பள்ளம், அடுத்து இன்னொரு முகடு. வேகம் கூடக் கூட இந்த இரண்டு முகடுகளுக்கும் இடையே உள்ள தூரம் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அந்தத் தூரமும் படகு தண்ணீரைத் தொடும் நீளமும் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் த்ராட்டிலைத் திறந்தால் படகின் பின்பக்கம் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும், அணியம் தூக்கிக்கொள்ளும். தானே எழுப்பிய மேட்டில் தானே ஏறவேண்டிய நிலை. டீசல் எல்லாம் அலை கட்டத்தான் போகும். முழு வேகத்தில் பின்னால் திரும்பிப் பாருங்கள், உயர்ந்து எழுந்து தொடரும் அந்த அலை உங்கள் காசில் கட்டியது.

எந்த வேகத்தில் இந்தச் சுவர் வரும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். மாமாவின் படகு 28 அடி என்றாலும் தண்ணீரில் படுவது 25 அடிதான். வர்க்கமூலம் 5. பெருக்கினால் 6.7 நாட். 7 நாட்டில் ஓடும்போது அந்தச் சுவரை முட்டிக்கொண்டு ஓடுகிறோம் என்று அர்த்தம். நீளமான படகுக்கு இந்த எல்லை தள்ளிப் போகும். 49 அடி நீளம் தண்ணீரில் படும் விசைப்படகுக்கு அது 9.4 நாட்.

இந்த வர்க்கமூல உறவை ஆராய்ந்து நிறுவியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். சின்ன மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்தே பெரிய கப்பலின் இழுவிசையைக் கணிக்கலாம் என்றார். முதலில் ஸ்வான், ராவன் என்று பெயரிட்ட இரண்டு வடிவங்களில் மாதிரிகள் செய்து ஆற்றில் இழுத்துப் பார்த்தார். பிறகு 1872இல் இங்கிலாந்தின் டார்க்கி ஊரில், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கடற்படையின் பணத்தில் நீண்ட நீர்த்தொட்டி கட்டினார். வேகத்துக்கும் நீளத்தின் வர்க்கமூலத்துக்கும் உள்ள விகிதம் இன்றைக்கும் கப்பல் வடிவமைப்பில் ஃப்ரூட் எண் என்று அவர் பெயரில்தான் வழங்குகிறது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின்னால் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வேகத்தைக் குறைத்து ஓடத் தொடங்கியதற்கும் காரணம், வேகம் கூடக் கூட எண்ணெய்ச் செலவு எகிறும் இதே கணக்குதான். படகின் அளவு மட்டும்தான் வேறு.

சுவருக்குக் கீழே இருக்கும் வேகங்களில்கூட விதி கடுமையானதுதான். வேகம் கூடினால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய அதன் வர்க்கமாகக் கூடும். தேவைப்படும் குதிரைத்திறன் வேகத்தின் கனமாக, அதாவது மூன்றாம் அடுக்காகக் கூடும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எஞ்சினின் வேலை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அடி தட்டையான, எடை குறைந்த, எஞ்சின் பெரிதாக உள்ள ரோந்துப் படகும் சுற்றுலாப் படகும் அந்த மேட்டை ஒரேயடியாகத் தாண்டி, தண்ணீரின் மேலே வழுக்கிக்கொண்டு போகும். அவற்றுக்கு மிக மோசமான இடம் நடு வேகம். அணியம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, பின்பக்கம் அமுங்கிக்கொண்டு தவிக்கும் அந்த நிலையில் மைலுக்கு ஆகும் எண்ணெய் உச்சத்தில் இருக்கும். ஒன்று மேட்டுக்குக் கீழே நிதானமாகப் போக வேண்டும், இல்லை தாண்டிவிட்டு, படகு மட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் த்ராட்டில் குறைத்து ஓட்ட வேண்டும். வலையும் ஐஸும் ஏற்றிய நம் மீன்பிடிப் படகுகள் 10 எச்.பி.யில் ஒருநாளும் மேட்டைத் தாண்டப் போவதில்லை.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. 2.4 லிட்டர் என்றால் 24 யூனிட். 10 எச்.பி. எஞ்சின் ஒரு மணி நேரம் முழு பலத்தில் தண்டுக்குக் கொடுப்பது ஏழரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மீதி எல்லாம் சைலன்சர் வழியாகவும் குளிர்விக்கும் தண்ணீர் வழியாகவும் சூடாகப் போய்விடுகிறது. தண்டுக்கு வந்ததில் ஏறக்குறைய பாதியை ப்ரொப்பெல்லர் தண்ணீரைக் கலக்குவதிலேயே இழக்கிறது. ஆக நூறு ரூபாய்க்கு டீசல் ஊற்றினால் படகை உண்மையில் தள்ளுவது பதினைந்து ரூபாய் அளவுக்குத்தான்.

முழு த்ராட்டிலில் எஞ்சின் எவ்வளவு குடிக்கும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். டீசலுக்கு ஒரு எச்.பி.க்கு மணிக்குக் கால் லிட்டருக்குள். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டுக்கு ஏறக்குறைய 0.3. பழைய கார்புரேட்டர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக் என்றால் 0.4க்கு மேலும் போகும், ஏனென்றால் அதில் உள்ளே வரும் எண்ணெயில் கால் பங்குக்குமேல் எரியாமலேயே புகையோடு வெளியேறிவிடும். அந்தப் படகுகளுக்குப் பின்னால் தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்குமே, அது எரியாமல் போன எண்ணெய்.

ஒரே வேகத்தில் ஒரே படகு திடீரென்று அதிகம் குடிக்கத் தொடங்கினால் முதலில் எஞ்சினைத் திட்டுவது நம் வழக்கம். நான் படகின் அடியைப் பார்க்கச் சொல்வேன். தண்ணீரிலேயே கிடக்கும் படகில் பாசி பிடிக்கும், பின்னால் ஓடுடைய சின்னக் கடல் உயிரான கொட்டலசு ஒட்டும். ஒருமுறை ஒட்டிவிட்டால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். குறைந்த வேகத்தில் படகைப் பிடித்து இழுப்பதில் பெரும்பங்கு அடிப்பரப்பின் உராய்வு, அதனால் சொரசொரப்பு நேராக டீசல் கணக்கில் வந்து நிற்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பதால், படகைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க ஒரு வாய்ப்பு தானாக அமைந்துவிடுகிறது. அதற்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு எடுத்துப் பாருங்கள். பெயிண்ட் செலவு கண்ணை உறுத்தாது.

அடுத்தது ப்ரொப்பெல்லர். இதழின் ஓரம் மண்ணில் தட்டி மடங்கியிருக்கும், சிலசமயம் நரம்பு வலை சுற்றியிருக்கும். இவை கண்ணுக்குத் தெரியும். தெரியாதது, படகுக்குப் பொருந்தாத பிட்ச், அதாவது இதழின் சாய்வு. முழு த்ராட்டிலில் எஞ்சின் அதற்குச் சொல்லப்பட்ட ஆர்.பி.எம்.மை எட்டாமல் கரும்புகை கக்கினால் ப்ரொப்பெல்லர் எஞ்சினுக்கு மீறியது. மலை ஏற்றத்தில் பைக்கை நான்காவது கியரில் வைத்து முறுக்குவது போல. பொதுவாகப் பெரிய ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றுவது, சின்னது வேகமாகச் சுற்றுவதைவிடத் திறமையானது. லாங் டெயிலில் பல எஞ்சின்கள் கியர் குறைப்பே இல்லாமல் நேரடியாகத் தண்டைச் சுற்றுகின்றன. அதோடு தண்டு சரிவாக இறங்குவதால் தள்ளும் விசையில் ஒரு பகுதி படகைத் தூக்கத்தான் போகிறது. விலை மலிவு, ஆழமில்லாத இடத்தில் தூக்கிக்கொள்ளலாம், வலை சிக்கினால் கையாலேயே எடுக்கலாம் என்பதற்காக நாம் கொடுக்கும் விலை இது. கொடுக்கத் தகுந்த விலைதான் என்பது என் எண்ணம்.

எடையும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் பெட்டியைக் கடைசியில் வைத்தால் படகின் பின்பக்கம் அமுங்கும். அதையே நடுவுக்கு நகர்த்துங்கள். அடியில் தேங்கும் தண்ணீரை இறைத்துக் கொட்டுங்கள். ஒரு குடம் தண்ணீர் ஒரு சின்னப் பையன் எடை.

அரசு கொடுக்கும் வரிவிலக்கு டீசலுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2023இல் அதை உயர்த்தி, விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர் என்று அறிவித்தார்கள். தினமும் கடலுக்குப் போகிறவருக்கு அந்த 4,400ஐ நாள்களால் வகுத்துப் பார்த்தாலே, மைலுக்கு எத்தனை லிட்டர் என்ற எண் ஏன் நோட்டில் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எங்கள் நோட்டுக்கு வருகிறேன். மாமா வழக்கமாக வலை விரிக்கும் இடம் 15 மைல் தூரம். 7 நாட்டில் போனால் 2 மணி 9 நிமிடம், 5.1 லிட்டர். 6 நாட்டில் இரண்டரை மணி நேரம், 3.5 லிட்டர். ஒரு பக்கத்துக்கு 21 நிமிடம் கூடுதல், 1.6 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டால் போகவர ஏறக்குறைய 300 ரூபாய். மாதம் இருபது நாள் கடலுக்குப் போனால் ஆறாயிரம். இதைப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே கோடு போட்டு மாமாவிடம் நீட்டினேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "போறப்ப சரி மாப்ள," என்றார். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்புறவன் ஒன்னே முக்காலுக்குக் கிளம்பினா முடிஞ்சது. ஆனா வர்றப்ப? எனக்கு முன்னாடி நாலு படகு வந்து ஏலம் போட்டுட்டா கூடைக்கு நூறு ரூபா இறங்கிடும். என்கிட்ட அஞ்சு கூடை இருந்தா உன் முந்நூறு எங்கே போச்சு?"

என் கணக்கில் அந்த வரி இல்லை. மைலுக்கு எத்தனை லிட்டர் என்பதோடு கிலோ மீனுக்கு எத்தனை லிட்டர், அந்தக் கிலோ என்ன விலைக்குப் போனது என்று இன்னும் இரண்டு பத்திகள் நோட்டில் சேர்த்தோம். இப்போது போகும்போது த்ராட்டில் கம்பியில் நாங்கள் சிவப்பு பெயிண்டால் போட்ட 6 நாட் குறியில் நிற்கிறது. திரும்பும்போது மாமா முதலில் மீன் பெட்டியைப் பார்ப்பார். மீன் குறைவாக இருந்தாலோ, கடலில் வேறு படகே தெரியாவிட்டாலோ அதே குறி. பெட்டி நிறைந்திருந்தால் முழுக்கத் திறந்துவிடுவார், அந்த நாளுக்கான இடத்தில் நோட்டில் "7, ஏலத்துக்காக" என்று எழுதுவார்.